இடமில்லாத எழுத்து

நாம் இரத்தினபுரி என்று எழுதும் ஊரின் பெயர் சிங்களத்தில் ‘ரத்னபுர’ என நிற்கும். கலவானையிலிருந்து அங்குச் செல்லும் பேருந்தின் நெற்றிப் பலகையில் இவ்விரு வடிவங்களையும் அடுத்தடுத்துக் காணலாம். எழுத்துக்கு எழுத்து ஒப்புநோக்கின் இரண்டும் ஒன்றல்ல. தமிழ்ப் பெயரின் தலையில் சிங்களத்தில் இல்லாத ஓர் இகரம் வந்து அமர்ந்திருக்கிறது. தகரத்துக்கும் னகரத்துக்கும் நடுவே மற்றோர் இகரம் புகுந்து அவற்றை விலக்கி வைக்கிறது. ஈற்று அகரம் இகரமாயிற்று. ஆயினும் பயணி எவரும் ஊர் தவறி இறங்கியதில்லை.

காரணம் யாது? இம்மாற்றங்கள் விதியின்படி நிகழ்ந்தவை. ரகரம் தமிழில் மொழிக்கு முதலாவதில்லை. ஆதலின் இகரம் முன்னே துணைக்கு வந்தது. தகர மெய்யின்பின் னகரம் மயங்குவதில்லை. ஆதலின் இடையே ஓர் உயிர் தோன்றிற்று. பலாங்கொட ‘பலாங்கொடை’ ஆவதும், மாலா ‘மாலை’ ஆவதும் ஒரே வழக்கு. ஓர் எழுத்து மரபில் உள்ளது மற்றோர் எழுத்து மரபில் இல்லையாயின் என்ன செய்வது என்னும் வினா தமிழுக்குப் புதியதன்று. வடசொல்லைத் தமிழில் ஆளுங்கால் வடவெழுத்தை நீக்கித் தமிழுக்கும் பொதுவான எழுத்தால் எழுதுக என்று தொல்காப்பியர் விதித்தார். பவணந்தியார் நன்னூற் பதவியலில், இன்ன வடவெழுத்து இன்ன தமிழெழுத்தாகத் திரியும் என்று நிரல்படக் கூறினார். அவ்விதியால் ஹரன் அரனானான், விஷம் விடமாயிற்று, பங்கஜம் பங்கயமாயிற்று, யக்ஷன் இயக்கனானான்.

இன்று அதே வினாவைக் கணினி கேட்கிறது. ஒரு குறியேற்றத்தில் எழுதிய கோப்பை வேறொரு குறியேற்றத்துக்கு மாற்றும்போது, அங்கே இடமில்லாத எழுத்து எதிர்ப்பட்டால் அதை என் செய்வது? இவ்வினாவுக்குப் பொறியாளர் சில விடைகள் வகுத்துள்ளனர். அவற்றுள் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்பது பொறியாளருக்கு மட்டும் உரிய ஆராய்ச்சியன்று. பழைய நூல்களைக் கணினியில் ஏற்றுவோரும், பாடசாலை மலர் அச்சிடுவோரும், மாணவரின் பெயர்ப்பட்டியலைத் தட்டெழுதுவோரும் அதனை அறிதல் வேண்டும்.

எண்ணும் எழுத்தும்

கணினிக்கு எழுத்துத் தெரியாது. எண் ஒன்றே தெரியும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்று வகுத்த அட்டவணையே குறியேற்றம் எனப்படுவது. முற்காலத்து அட்டவணைகளில் மொத்தம் 256 இடங்களே இருந்தன. அவற்றுள் முற்பாதியாகிய 128 இடங்களில் ஆங்கில எழுத்தும் எண்ணும் நிறுத்தக் குறிகளும் குடியிருந்தன. எஞ்சிய 128 இடங்களில் தமிழின் 247 எழுத்தையும் வைப்பது எங்ஙனம்? வையார். உயிரையும் மெய்யையும் கொம்பையும் காலையும் தனித்தனித் துண்டுகளாக வைத்து, வேண்டும்போது கூட்டிக்கொண்டனர். ஆளுக்கோர் அட்டவணை தோன்றிற்று. இணையத் தமிழன்பர் கூடிச் செய்த திஸ்கி ஒன்று. தமிழ்நாட்டரசு 1999 இல் ஏற்ற டாம், டாப் என்பன வேறு இரண்டு. அச்சகந்தோறும் தனித்தனியே வழங்கியவை பல.

நம் நாட்டில் பெருவழக்குப் பெற்றது பாமினி. அதன் போக்குத் தனிப்போக்கு. அது தமிழுக்கெனத் தனியிடம் தேடாமல், ஆங்கில எழுத்தின் எண்களின்மேலேயே தமிழ் வடிவங்களை அணிவித்தது. பாமினியில் ‘தமிழ்’ என்று எழுதிய கோப்பில் உண்மையில் இருப்பவை ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்து நான்கும் ஓர் அரைப்புள்ளியுமே. பாமினி எழுத்துரு உள்ள கணினியில் அது தமிழ். இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கிலக் கூட்டம்.

இக்குழப்பத்துக்கு முடிவாக வந்தது ஒருங்குறி. 1991 இல் முதற்பதிப்புக் கண்ட அது, உலகின் எழுத்து முறைகளுக்கெல்லாம் தனித்தனி வளாகம் அமைத்தது. தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள். ழகரத்தின் எண் 2996. அவ்வெண் உலகின் எக்கணினியிலும் ழகரமே. சிங்களத்துக்கு 1999 இல் இடம் கிடைத்தது. ஆகவே இரு மொழியும் ஒரே கோப்பில் ஒன்றையொன்று மறைக்காமல் நிற்கும் காலம் வந்தது. தமிழ்நாட்டரசு 2010 இல் ஒருங்குறியை ஏற்றபோது, 247 எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் பிறிதொரு முறையையும் உடன் ஏற்றது.

புது வீடு கட்டியாயிற்று. பழைய வீட்டிலிருந்து பொருள்களைக் கொண்டுவர வேண்டுமே! அங்கேதான் இடர்ப்பாடு தொடங்குகிறது.

ஆள்மாறாட்டம்

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிந்துகொள்வோம். சிலபோது எழுத்துக்கு இடமில்லாமையால் பிழை நேர்வதில்லை; அதனை வேறோர் எழுத்தென்று கொண்டமையால் நேர்கிறது. பாமினிக் கோப்பில் தமிழ்ப் பத்திக்கு நடுவே ஆங்கிலச் சொற்கள் இருந்தால், மாற்றுஞ் செயலி அவற்றையும் தமிழென்றே கொள்ளும். ஆங்கிலத்தில் ‘ஆயின்’ என்னும் பொருள் தரும் ஈரெழுத்துச் சொல் ‘கை’ என்றாகிவிடும். ‘என்னுடைய’ என்னும் பொருள் தரும் ஈரெழுத்துச் சொல் ‘அல’ என்றாகிவிடும். இரண்டும் தமிழ் வடிவமே ஆதலின் கண் ஏமாந்து போகும்.

இத்தகையதே ஔவையார் பட்ட பாடும். பழைய தட்டெழுத்திலும் எழுத்துருக்களிலும் ஔகாரத்துக்குத் தனியிடம் இன்மையால், ஒகரத்தையும் ளகரத்தையும் அருகருகே வைத்து ஒப்பேற்றினர். ஒருங்குறியில் ஔகாரம் தனி எழுத்து. மாற்றுஞ் செயலிக்கு இது தெரியாதபோது ‘ஒளவை’ என்று ஒகரமும் ளகரமுமாகவே அது எழுதிவிடுகிறது. கண்ணுக்கு அவர் ஔவையே. கணினிக்கு அவர் ஒளவை. ஔகாரம் இட்டுத் தேடுவோர்க்கு அவர் அகப்படுவதில்லை. ஸ்ரீ என்னும் எழுத்தும் அப்படியே. 2005 இல் ஶகரம் ஒருங்குறியில் சேர்ந்தபின், ஸகரத்தைக் கொண்டு எழுதும் ஸ்ரீயும் ஶகரத்தைக் கொண்டு எழுதும் ஶ்ரீயும் எனக் கணினியில் இரண்டு உள. பல எழுத்துருக்களில் வடிவம் ஒன்றே, எண்ணோ வேறு.

இவை திருத்தக்கூடிய பிழைகள். விதி அறிந்தவன் ஒரு நாளில் திருத்திவிடலாம். உண்மையான இடர் இனித்தான் வருகிறது.

மூவகை விகாரம்

சிங்களமும் தமிழும் கலந்த ஒருங்குறிப் பட்டியலொன்றைப் பழைய திஸ்கி முறைக்கு மாற்ற முயல்வதாக வைத்துக்கொள்வோம். திஸ்கியில் சிங்கள எழுத்துக்கு இடமே இல்லை. இந்நிலையில் மாற்றுஞ் செயலி என்ன செய்யும்? அதற்குச் சொல்லிவைத்தபடி செய்யும். சொல்லிவைக்கும் வழிகளை நம் இலக்கணப் பெயர்களாலேயே விளக்கலாம்.

இரு அட்டவணையிலும் இடமுள்ள எழுத்து மாறாது செல்வது இயல்பு. இடமில்லாத எழுத்துக்குத் தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் மூவகை விகாரமும் உண்டு. அதனை அறவே விட்டுவிட்டு மேலே செல்வது கெடுதல். அதனையொத்த வேறோர் எழுத்தை வைப்பது திரிதல். அதன் இடத்தில், மூலத்தில் இல்லாத ஓர் அடையாளத்தை இடுவது தோன்றல். இம்மூன்றும் அல்லாத நான்காவது வழியும் உண்டு. ‘இவ்வெழுத்தை மாற்ற என்னால் இயலாது’ என்று அறிவித்துச் செயலி அவ்விடத்திலேயே நின்றுவிடும். அதனை விட்டிசைத்தல் என்று வழங்கலாம்.

இவற்றுள் கொடியது எது? பலரும் நான்காவதை வெறுப்பர். நூறு பக்கத்துக் கோப்பு மூன்றாம் பக்கத்தில் நின்றுபோனால் யாருக்குத்தான் சினம் வராது? கெடுதலோ அவர்களுக்கு இனிக்கும். செயலி தடையின்றி ஓடி முடிகிறது. பிழைச் செய்தி ஒன்றும் இல்லை. கோப்புத் தூய்மையாகக் காட்சி தருகிறது. ஆயின், அத்தூய்மை களவு நடந்தபின் கூட்டிப் பெருக்கிய வீட்டின் தூய்மை. எது போயிற்று, எங்கே போயிற்று, எத்தனை போயிற்று என்று பின்னொருவர் அறிய வழியில்லை. நின்றுபோன செயலி நம் நேரத்தை எடுத்தது. விழுங்கிய செயலி நம் எழுத்தையே எடுத்தது.

தோன்றலிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. சில செயலிகள் வெறுங்கேள்விக்குறி இடும். மூலத்திலேயே கேள்விக்குறிகள் இருந்தால் எது ஆசிரியர் இட்டது, எது பொறி இட்டது என்று பிரித்தறிவது எப்படி? இதை எண்ணியே ஒருங்குறி, கருஞ்சாய்சதுரத்துள் வெண்கேள்விக்குறி என்னும் தனி அடையாளத்தை வகுத்தது. ‘இங்கே ஓர் எழுத்து இருந்தது, அதனை அறியக்கூடவில்லை’ என்பதே அதன் பொருள். அதனினும் சிறந்தது எழுத்தின் எண்ணையே எழுதிவைப்பது. ழகரத்துக்கு இடமில்லாத கோப்பில் &#2996; என்று எழுதினால், பார்வைக்கு அழகில்லை; ஆயினும் இழப்பு ஒரு சிறிதும் இல்லை. இடமுள்ள கோப்புக்கு அது மீளும் நாளில் ழகரம் மீண்டும் எழும்.

புள்ளி போன கதை

கெடுதலின் கொடுமையை ஓர் எடுத்துக்காட்டால் தெளியலாம்.

ஒருங்குறியைக் கோப்பில் எழுதும் பெருவழக்கான முறை யூ.டி.எஃப்.–8 என்பது. அதில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மும்மூன்று எண்ணாக எழுதப்படும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்னும் ஐந்து குறியால் ஆகிய ‘தமிழ்’ என்னும் சொல் 15 எண்ணாகும். இதனை மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கென வகுத்த ‘விண்டோஸ் 1252’ என்னும் அட்டவணையைக் கொண்டு தவறாகப் படித்தால், தலையிற் சாய்கோடு இட்ட ஆங்கில ‘ஏ’ எழுத்தும் பதிவு வணிகக் குறியும் மாறி மாறி வரும். மின்னஞ்சலில் இக்காட்சியைக் காணாதார் சிலரே. எண்கள் பதினைந்தும் இருக்கும்வரை இது நோயன்று, வேடமே. கலைத்தால் தமிழ் வெளிப்படும்.

ஆயின் அவ்வட்டவணையில் 129, 141, 143, 144, 157 என்னும் ஐந்து இடங்கள் வெற்றிடங்கள். தமிழின் புள்ளிக்குரிய மூன்று எண்கள் 224, 175, 141. உகரக் குறிக்கு உரியவை 224, 175, 129. ஏகாரம் 143 இல் முடிகிறது. ஐகாரம் 144 இல் முடிகிறது. வெற்றிடத்து எண்ணைக் கெடுக்குமாறு அமைத்த செயலி இவற்றின் கடைசி எண்ணை விழுங்கிவிடும். பின்னர் மீட்க முயன்றால், மற்றை எழுத்தெல்லாம் வரும். மெய்யின் புள்ளியும், உகரக் குறியும், ஏகார ஐகாரங்களும் வாரா. அவை இருந்த இடத்தில் கருஞ்சாய்சதுரமே வரும். தமிழெழுத்தின் உயிர்நாடி புள்ளி. அவ்வளவு எழுத்துகளிடையே பொறி கண்டுபிடித்து விழுங்கியது அந்தப் புள்ளியைத்தான்!

புள்ளி போவது தமிழுக்குப் பழகிய துன்பமே. ஏடு கிழியும் என்று கருதியோ, விரைவு கருதியோ, ஏடெழுதினோர் புள்ளி இடாது விட்டனர். எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி நின்றன. காலும் ரகரமும் ஒரே வடிவாய் மயங்கின. அவ்வேடுகளிலிருந்து சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையை அச்சேற்றினார். அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். ஓலையிலிருந்து அச்சுக்கு மாற்றுவதும் குறியேற்றம் மாற்றுவதன்றி வேறென்ன? புள்ளியில்லா ஏட்டிலிருந்து புள்ளியுள்ள அச்சுக்கு அவர்கள் மாற்றியபோது அவர்களுக்கு உதவியது யாது? எதுகை உதவிற்று, மோனை உதவிற்று, சீரும் தளையும் உதவின, உரையும் பொருளும் உதவின. இரண்டாம் எழுத்துச் சிதைந்திருந்தால் அடுத்த அடியின் இரண்டாம் எழுத்து வழிகாட்டிற்று. செய்யுள் தன் காயத்துக்கு மருந்தைத் தன்னுள்ளேயே வைத்திருந்தது.

மருந்து அகப்படாத இடத்தில் அப்பெரியோர் என்ன செய்தனர் என்பது அதனினும் பெரிய பாடம். 1894 இல் வெளிவந்த புறநானூற்றில் 267, 268 ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. 269 ஆம் பாட்டை 267 ஆக்கி எண்ணைச் சரிக்கட்டியிருக்கலாம், யாரும் கேட்டிரார். அவ்வாறு செய்யவில்லை. அவ்விரண்டு எண்ணும் இன்றும் வெறுமையாகவே நிற்கின்றன. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைத்தில. உள்ள எட்டில் முதலாவதை நாம் இன்றும் இரண்டாம் பத்து என்றே சொல்கிறோம். அடி சிதைந்த இடத்தில் புள்ளிகளை நிரலாக இட்டனர். இழந்ததை இழந்தோம் என்று எழுதிவைத்தனர். பதிப்பு நேர்மை என்பது இதுவே. கருஞ்சாய்சதுரம் தோன்றுவதற்கு நூறாண்டின் முன்னரே அதன் பொருளை நம் பதிப்பாசிரியர் அறிந்திருந்தனர்.

பெயருக்கு எதுகை இல்லை

செய்யுளுக்கு எதுகை உண்டு. ஒரு பெண்பிள்ளையின் பெயருக்கு எதுகை எங்கே?

எழிலரசி என்றொரு பெயரை எடுத்துக்கொள்வோம். தோட்டத்தில் பிறக்கும் பிள்ளையின் பிறப்புப் பதிவு சிங்களத்தில் எழுதப்படுவது இப்பகுதியிற் காணும் வழக்கு. சிங்களத்தில் ழகரம் இல்லை. ஆகவே எழுதுவோர் லகரத்தையோ ளகரத்தையோ இடுவர். அது அவர் குற்றமன்று, அவர் கையில் இருக்கும் எழுத்து அவ்வளவே. பின்னொரு நாள் அப்பதிவைப் பார்த்து மற்றொருவர், அல்லது ஒரு செயலி, தமிழில் எழுதுவர். இப்போது எழிலரசி ‘எலிலரசி’ ஆகிறாள். வகுப்பில் பெயர் கூப்பிடும்போது பிள்ளைகள் சிரிக்கின்றனர். சிரிப்போடு போனால் கவலையில்லை. தந்தை வைத்த பெயர் எழிலரசி, பிறப்புச் சான்றிதழின் தமிழாக்கத்தில் எலிலரசி, பாடசாலை இடாப்பில் எளிலரசி, க.பொ.த. சாதாரண தரச் சான்றிதழில் ஆங்கில வழியே மீண்டு வந்த இன்னொருத்தி. நான்கு தாளும் ஒருத்தியினுடையவை என்று நிறுவுதற்கு அவள் சத்தியக் கடதாசியோடு அலைய வேண்டும். பழனியாண்டி பலனியாண்டியாவதும், கனிமொழி கனிமொலியாவதும் இவ்வாறே.

இங்கே இலக்கணம் அறிந்தவர்க்கு ஒரு நுட்பம் புலப்படும். சிங்களத்துக்குச் செல்லும்போது நகர னகரங்கள் ஒரே எழுத்தில் ஒடுங்குகின்றன. ஆயினும் பெரும்பாலும் அவற்றை மீட்டுவிடலாம். மொழிக்கு முதலில் வருவது நகரமே. தகரத்தின்முன் நிற்பதும் நகர மெய்யே. பிற இடங்களிற் பெரும்பாலும் னகரம். விதி இருப்பதால் இழப்பு மீள்கிறது. லகர ளகர ழகரங்கள் அத்தகையன அல்ல. அவை ஒரே இடத்தில் நின்று பொருள் வேறுபடுத்துவன. வலி, வளி, வழி என்னும் மூன்றையும் ஓரெழுத்தில் ஒடுக்கியபின், எது எதுவென்று எவ்விதி கொண்டு பிரிப்பது? ஆகவே திரிபு இருவகைப்படும். விதியால் மீளும் திரிபு ஒன்று. மீளாத திரிபு மற்றொன்று. குறியேற்றம் மாற்றுவோர் முதலில் அறியவேண்டிய பாகுபாடு இதுவே. எதிர்த்திசையிலும் இவ்வாறே. எம்பிலிப்பிட்டியவின் முதலுயிர் சிங்களத்தில் தனி எழுத்து. தமிழில் அதற்கு இடமில்லாமையால் எகரம் நிற்கிறது. பலாங்கொடையின் முதலெழுத்துச் சிங்களத்தில் மெலிந்தொலிக்கும் பகரம். தமிழில் வல்லின மெலிவைக் காட்டத் தனியெழுத்தில்லை. நம் எழுத்திலும் பிறர் பெயர் நலிகிறது என்பதை நாம் மறத்தலாகாது.

‘வடசொல்லைத் திரித்து ஏற்றுக்கொண்ட இலக்கணத்தைப் போற்றும் நீர், பெயர் திரிவதை மட்டும் ஏன் வெறுக்கின்றீர்?’ என்று ஒருவர் கேட்கலாம். நன்று கேட்டார். பங்கஜம் பங்கயமானபோது அது தமிழ்ச் சொல்லாகிவிட்டது. குடியேறியவன் ஊருக்கேற்ற உடை உடுத்தல் முறைமையே. ஆவணத்திலுள்ள பெயரோ குடியேற வந்ததன்று. ஓர் ஆளைச் சுட்ட வந்தது. மூலத்தோடு ஒப்பிட்டு ‘இவளே அவள்’ என்று சொல்லுதற்கே அது எழுதப்படுகிறது. சொல்லுக்குத் திரிபு அணி; ஆவணத்துக்குத் திரிபு பிணி.

மலையகத்தாருக்கு இது வெறும் எழுத்தாராய்ச்சியன்று. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கிற்று. 1964 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைப் பங்கிட்டது. எஞ்சியோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003 இல். இடைப்பட்ட ஐம்பத்தைந்து ஆண்டும் அம்மக்கள் எதைக் கையில் ஏந்தி அலைந்தனர்? தாள்களை. பிறந்த தாள், மணந்த தாள், தோட்டத்துச் செக்ரோலில் பெயர் இருந்ததற்கான தாள். ஒரு தாளின் பெயர் மற்றொரு தாளின் பெயரோடு பொருந்த வேண்டும். அத்தகைய சமூகத்தில் ஓர் எழுத்தின் விலையை நாம் அறிவோம். அத்தாள்களெல்லாம் இன்று கணினிக்குள் செல்கின்றன. செல்லும்போது எவ்வெழுத்து விழுங்கப்படுகிறது என்று கேட்பது நம் கடமையாகும்.

நாளை இடம் வரும்

இடமில்லாத எழுத்துக்கு அடையாளம் இட்டு வைப்பதால் ஆவதென்ன, இல்லாதது இல்லாததுதானே என்று சோர்வோர் உண்டு. வரலாறு அவர்களை மறுக்கிறது.

தமிழெண்களுள் ஒன்று முதல் ஒன்பது வரையும், பத்து, நூறு, ஆயிரம் என்பனவும் ஒருங்குறியில் தொடக்கத்திலேயே இருந்தன, சுழியம் இல்லை. 2005 இல் சுழியத்துக்கு இடம் கிடைத்தது. நாள், மாதம், வருடம், பற்று, வரவு முதலியவற்றைச் சுருக்கி எழுதும் பழங்குறிகள் 2003 இல் இடம்பெற்றன. முந்திரி, மாகாணி முதலான பின்னக் குறிகளும், நெல்லளவைக் குறிகளும், பிறவுமாக 51 குறிகள் 2019 இல் தனித் தொகுதியாகச் சேர்ந்தன. பழைய கணக்கேடொன்றை 2000 ஆம் ஆண்டில் இருவர் கணினியில் ஏற்றினர் என்று கொள்வோம். முந்திரிக் குறி வந்த இடத்தை ஒருவர் விட்டுவிட்டார். மற்றவர் ‘இங்கே முந்திரிக் குறி’ என்று அடையாளம் இட்டார். 2019 இல் அடையாளம் இட்டவரின் கோப்பு ஒரு நாழிகையில் முழுமை பெற்றிருக்கும். விட்டவரின் கோப்பு என்றும் குறைக்கோப்பே. மீண்டும் மூல ஏட்டைத் தேடவேண்டும், அது செல்லுக்கு இரையாகாதிருந்தால்.

1998 ஆம் ஆண்டுத் தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், திஸ்கியில் வெளியிட்ட இலக்கியங்களைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றித் தந்தது. அது கைகூடியது எதனால்? திஸ்கியின் அட்டவணை இன்ன எண்ணுக்கு இன்ன எழுத்து என்று யாவரும் அறிய வெளியிடப்பட்டிருந்தது. மூலக்கோப்புகளும் அழியாமல் இருந்தன. அட்டவணை மறைந்து எழுத்துருவும் தொலைந்த கோப்போ, பூட்டிய பெட்டியின் திறவுகோலைக் கிணற்றில் இட்டது போல்வது.

செய்யத்தக்கவை

ஆசிரியரும் மாணவரும் இலக்கியச் சங்கத்தாரும் கைக்கொள்ளத்தக்கன சிலவற்றைத் தொகுத்துக் கூறுவோம்.

முதலாவது, மூலக்கோப்பை அழிக்கற்க. மாற்றியதை வேறு பெயரால் வைக்க. மூலம் எந்தக் குறியேற்றத்தில், எந்த எழுத்துருவில் உள்ளது என்பதை ஒரு வரியில் எழுதி உடன் வைக்க.

இரண்டாவது, மாற்ற இயலாத எழுத்து வந்தால் நின்றுவிடுமாறு செயலியை முதலில் அமைக்க. நின்ற இடங்களைப் பட்டியலிடுக. பத்தோ இருபதோ எழுத்துகளே மீண்டும் மீண்டும் வருவதைக் காண்பீர்கள். அவற்றுக்கு விதி வகுத்தபின் மேலே செல்க.

மூன்றாவது, வகுத்த விதியை எழுதி வைக்க. இன்ன எழுத்துக்கு இன்னதை இட்டோம் என்னும் சிறு குறிப்பு, பின்வருவார்க்கு நன்னூற் சூத்திரம் போல உதவும்.

நான்காவது, விதி வகுக்க இயலாத இடத்தில் அடையாளம் இடுக. அது மூலத்தில் வேறெங்கும் வாராத அடையாளமாக இருத்தல் வேண்டும். எழுத்தின் எண்ணையே இடுதல் தலைசிறந்தது.

ஐந்தாவது, மாற்றிய கோப்பை மீண்டும் பழைய குறியேற்றத்துக்கே திருப்பி, மூலத்தோடு ஒப்பிடுக. போன வழியே மீண்டு வந்தால் இழப்பில்லை. மீளாத இடமே இழப்பின் இடம்.

ஆறாவது, பெயர்களைப் பொறியிடம் விட்டுவிடற்க. கட்டுரையைச் செயலி மாற்றலாம். பெயர்ப்பட்டியலை அப்பெயருக்கு உரியவரோ பெற்றோரோ கண்டு ஒப்புதல் வேண்டும். ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள். ஒரு பாடவேளை போதும். ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரைத் தன் கையால் தமிழில் எழுதித் தரட்டும். அந்நாற்பது வரிகளையும் இடாப்பின் பக்கத்தில் வைத்து ஒப்பிடுதல் தமிழாசிரியர் செய்யக்கூடிய பதிப்புப் பணி. சாமிநாதையர் ஏட்டுக்குச் செய்ததை நாம் இடாப்புக்குச் செய்வோம்.

எல்லா எழுத்துக்கும் இடமுள்ள அட்டவணை இதுவரை தோன்றியதில்லை; இனியும் எளிதில் தோன்றாது. ஆதலின் மாற்றத்தில் இழப்பு நேர்வது இயற்கை. அவ்விழப்பை மறைப்பதுதான் குற்றம். புறநானூற்றின் இரண்டு வெற்றெண்கள் அந்நூலுக்கு மாசு கற்பிக்கவில்லை. எஞ்சிய பாட்டுகளை நம்பலாம் என்று சான்று பகர்கின்றன. நம் கோப்புகளிலும் அத்தகைய வெற்றிடங்கள் நாணாமல் நிற்கட்டும். இடம் காலியாக இருந்தால், என்றேனும் உரியவர் வந்து அமர்வார். இடமே இல்லையென்று மூடிவிட்டால், வருபவர் தம் ஊரையே அடையாளம் காணமாட்டார்.